தறிச் சத்தத்துக்கு ஊடால

ஐயா,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தொடங்கினால் அந்த வரிகளை நீ தாண்டிக் குதித்துவிடுவாய். அதனால் அதையெல்லாம் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். உன் காசெட் வந்து சேர்ந்தது. காதர் பாயின் மகன் ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து கொடுத்துவிட்டுத்தான் போனான். அன்று சாயங்காலமே நீ பஸ் ஸ்டாண்டு பூத்துக்குப் போன் போட்டாய். நானும் உங்கப்பாவும் ஓடி வந்தோம். நீ சொன்னதற்கெல்லாம் நான் "சரிய்யா, சரிய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, உண்மையில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. உங்கப்பா ரிசீவரை வாங்கிக் கேட்டு, திரும்பி வரும்போது விளக்கிச் சொன்னார். யாருக்கோ வாசித்துக் கொடுத்த காலம் போய், கீபோர்டும் கம்ப்யூட்டரும் வைத்து நீயே முழுசாகச் செய்த முதல் காசெட் அது. வெள்ளிக்கிழமை கம்பெனியில் கொடுக்க வேண்டும், தவறினால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும். அப்படியிருக்க நீ என்னவென்றால், "அம்மா கேட்டுச் சரின்னு சொன்னாத்தான் கொடுப்பேன்" என்கிறாயாம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சந்தோஷம் வந்தது. வீட்டு வாசலை மிதிக்கும்போது மறுபடியும் கோபம்தான். என் பதிலைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். காதர் பாயின் மகன் புதன்கிழமை திரும்புகிறான், அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

உங்கப்பா மைக்செட் கடை போட்ட காலத்தில் சத்தத்துக்கு ஒரே அளவுதான். குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்து உச்சியில் கட்டி, அதன் வாயை அடுத்த ஊரைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட வேண்டும். மறுநாள் அந்த ஊர்க்காரன் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, ராத்திரி பூரா ஒங்க சத்தந்தான்" என்று சலித்துக்கொண்டால் அது நல்ல மைக்செட். அவன் வராவிட்டால் உங்கப்பா முகம் தொங்கிப்போகும். நீ பிறந்து வளர்ந்தது அந்தக் கடைக்குள்ளேதான். சத்தம் என்றால் தூரம் என்றுதான் நீயும் முதலில் நினைத்தாய். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பொட்டல் காட்டில் ஒரு மறைப்பும் இல்லை, போட்ட சத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

துபாயிலிருந்து வந்த காதர் பாய், தன் பிள்ளைகள் சீண்டாமல் போட்டுவிட்ட கீபோர்டை உன் மடியில் வைத்துவிட்டுப் போன பிறகு, வீட்டில் சோறு வெந்த சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை. கடையில் கிடந்த இரண்டு டேப் டெக்குகளை எடுத்துவந்து, ஒன்றில் தாளத்தை ஓடவிட்டு, அதோடு சேர்த்து நீ வாசிப்பதை மற்றொன்றில் பதிவு செய்வாய். பிறகு அதை ஓடவிட்டு, அதோடு இன்னொன்றை வாசித்துப் பதிவு செய்வாய். ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். அதை மறைக்க நீ இன்னும் கூட்டுவாய். டெக்கில் ஆடுகிற முள் சிவப்பைத் தொட்டால் உனக்கு அப்படி ஒரு திருப்தி. அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு, திருச்சுழி போகிற வழியில் இருக்கிற ஊரில் மேலத்தெருக்காரர்கள் நம் செட்டைக் கட்டியிருந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் காரியாபட்டியிலிருந்து ஒரு செட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு தெருவுக்கும் போட்டி. சாமி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதைவிட எந்தக் குழாய் எந்தக் குழாயை அமுக்குகிறது என்பதுதான் பேச்சு. நீ உன் காசெட்டைப் போட்டு, எல்லாத் திருகையும் கடைசிவரை திருகினாய்.

அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. குழாயிலிருந்து பாட்டு வரவில்லை, கரகர என்று தகரத்தைத் தரையில் இழுக்கிற ஒரு சத்தம் வந்தது. தாளம் எது, ராகம் எது என்று தெரியவில்லை. "ஏலே, அத நிறுத்துங்கடா, மாடு மிரளுது" என்று ஒருவர் வரப்பிலிருந்து கத்தினார். காரியாபட்டிக்காரர் நம்மைவிடச் சின்ன செட் வைத்துக்கொண்டு, பாதி அளவில் சினிமாப் பாட்டைப் போட்டு நம்மை விழுங்கிவிட்டார். கடைசியில் நம் குழாய் ஒன்றில் சத்தத்தைக் கிளப்புகிற யூனிட்டே எரிந்துபோனது. ஊர்க்காரர்கள் முன்னால் உங்கப்பா உன்னை ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியிலிருந்து சாமான்களை இறக்கிய பிறகுதான் பேசினார். "அடுத்த பங்குனி வரைக்கும் பாரு. அதுக்குள்ள உருப்படியா வரலேன்னா மல்லாங்கிணத்துல மாமா கடைக்குப் போயிரு" என்றார். மாமா கடையில் பருப்பு நிறுத்துப் போடுவது கேவலமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் உன் விரல்கள் தராசுத் தட்டில் தாளம் போடும் என்பது எனக்குத் தெரியும். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாவி வாங்க நீ நான் வேலை பார்க்கிற தறிக்கூடத்துக்கு வந்தாய். நான் தறியைப் பார்த்தபடி பக்கத்துத் தறி பாக்கியத்திடம், அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். நீ வாசலில் வந்து நின்றதையே கவனிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாய். வீட்டுக்கு வந்ததும் உன் கேள்வி: "அம்மா, அவ்வளவு தறி ஓடுது, நீ கத்தவே இல்லையே. பாக்கியம் அத்தைக்கு எப்படிம்மா கேக்குது?" நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "கத்துனா தொண்டதான் போகும். தறிக்கு மேல பேச முடியுமா? ஊடால பேசணும்" என்றேன். ஊடால என்றால் எப்படி என்று விடாமல் கேட்டாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தறிச் சத்தம் ஒரு மட்டத்தில் கிடக்கும், நாங்கள் மூக்கால் கொஞ்சம் தூக்கிப் பேசுவோம், தறிப் பலகை வந்து நூலை அடிக்கிற நேரம் வாயை மூடிக்கொள்வோம். இதையெல்லாம் யோசித்தா பேசுகிறோம்? வாய் தானாகப் பழகிவிட்டது. நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "அப்ப ஊடை நூல் மாதிரி. நெட்டுக்குக் கெடக்குற பாவு நூல முட்டாது, அதுக்குள்ளயே குறுக்கால போயிரும்." தறிக்காரி நான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊடை என்று சொல்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாய்.

மறுநாளிலிருந்து நீ செய்தது எல்லாம் தலைகீழ். கூட்டுவதை விட்டுவிட்டுக் குறைக்க ஆரம்பித்தாய். தொம் என்று விழுகிற அடியும் கீழே முனகுகிற கட்டைச் சுருதியும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன என்று சொல்லி, ஒன்றை ஒரு படி மேலே கொண்டுபோனாய். தொம் விழுகிற ஒவ்வொரு தடவையும் உன் கட்டைவிரல் மற்றவற்றின் திருகை ஒரு மயிரிழை இறக்கி, உடனே ஏற்றும். பாட்டு முடிகிற வரைக்கும் அந்த விரல் நிற்காது. நான் கதவோரம் நின்று அதையே பார்த்திருக்கிறேன். கோவிலில் தீபாராதனை பார்ப்பவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பிறகு ஒரு நல்ல சினிமாக் காசெட்டை இன்னொரு டெக்கில் போட்டு, இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்து மாற்றி மாற்றிக் கேட்பாய். சத்தம் கூட இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் தெரியும், அதனால் சமமாக வைத்துக் கேட்டால்தான் யார் கெட்டிக்காரன் என்று தெரியும் என்றாய். ஸ்பீக்கரைக் கிசுகிசுப்பு அளவுக்குக் குறைத்துவிட்டு அடுப்பங்கரையில் வந்து நிற்பாய். அங்கே எது காணாமல் போகிறதோ அதை மட்டும் திரும்பப் போய்ச் சரிசெய்வாய். ஒரு இடத்தில் எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்திவிட்டாய். டேப் அறுந்துவிட்டது என்று நான் எழுந்தேன். அடுத்து விழுந்த தொம் என் வயிற்றில் விழுந்தது. திருகைப் பார்த்தேன், நீ அதைத் தொடவே இல்லை. கூட்டாமலே கூடுமா ஒரு சத்தம்? என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நான் உன்னைப் பார்த்து மலைத்துப்போனேன். இன்றைக்கும் அந்த மலைப்பு தீரவில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு நீ கடைசியாகக் கேட்பது என்னைத்தான். "அம்மா, கேக்குதா?" உங்கப்பாவைக் கேட்டால் எல்லாவற்றையும் கூட்டு என்பார். அதனால் உனக்கு நான்தான் காது. நானும் பெரிய வித்வான் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வேன். தாளத்துக்கு மேலே ஜாலரா மாதிரி ஒரு சத்தம் வைப்பாயே, 'இஸ்' 'இஸ்' என்று. அது பத்தவில்லை, இன்னும் கொஞ்சம் வை என்பேன். நீ கூட்டுவாய். இன்னும் என்பேன். திருச்சுழி பஸ் டிரைவரிடம் காசெட்டைக் கொடுத்து, எஞ்சின் சத்தத்துக்கு ஊடால எடுபடுகிறதா என்று பார்க்க நீயும் கூடவே போய்வந்தாய். அவர் பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் பல் கூசுகிறது என்றாராம். டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். காதர் பாய் நாசூக்கானவர், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாராட்டினார். ஊரெல்லாம் கூசுகிறது என்கிறது, அம்மா மட்டும் பத்தவில்லை என்கிறாள். பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. யாரை நம்புவது என்று தெரியாமல் நீ தவித்தாய். அப்போதும் நீ என்னைத்தான் நம்பினாய், பைத்தியக்காரா.

அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரவைத்தாய். "அந்த இஸ்ஸ மட்டும் தனியாப் போடுறேன். கேட்டுட்டுச் சொல்லு" என்றாய். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். நீ எதையோ தட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் போயிற்று. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. "போடுய்யா, எனக்கு வேல கெடக்கு" என்றேன்.

நீ கையை நீட்டி டெக்கை நிறுத்தினாய். அதுவரை சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"ஓடிக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு" என்றாய். என் காதில் கூரான மேல் சத்தங்களைக் கேட்கிற ஓரத்தைத் தறி எப்போதோ அரித்துவிட்டிருக்கிறது. பாக்கியத்திடம் பேசியதில் பாதி நான் காதால் கேட்டதே இல்லை, அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டது. உங்கப்பா வேண்டுமென்றே முணுமுணுக்கிறார் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். பிறகு மதுரையில் ஒரு டாக்டர் காதில் மிஷினை மாட்டி, ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு நேராக வந்து ஓர் இடத்தில் பள்ளத்தில் விழுந்தது. அந்த இடத்தை நீ முன்னமே சொல்லியிருந்தாய். மிஷின் இல்லாமல், படிப்பு இல்லாமல், பாட்டுக் கேட்கவைத்தே தன் தாய்க்கு எது கேட்கவில்லை என்று கண்டுபிடித்தவனை நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அழுகை வர வேண்டிய இடம்தான் அது. எனக்கு வந்தது ஆச்சரியம்தான், ஐயா. என் காது போனதைவிட உன் காது இப்படி இருப்பதுதான் அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அந்த வருஷப் பங்குனிப் பொங்கலுக்கு நானும் வந்தேன். கீழத்தெருக் குழாய் அன்றைக்கும் வானத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. நீ இஸ்ஸை இறக்கி, மற்றதையும் அடக்கி, அவர்கள் பாட்டு முடிகிற வாக்கில் மெதுவாக உன் காசெட்டைத் தொடங்கினாய். உங்கப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பார்க்கப் பொறுக்காமல் கண்மாய்க் கரைப் பக்கம் நடந்துபோய்விட்டார். எனக்குத் தொம் கேட்டது, ராகம் கேட்டது. இஸ் கேட்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அந்தக் குழந்தை அவள் தோளில் விரலால் தட்டிக்கொண்டிருந்தது. தொம் விழும்போது தட்டவில்லை. ஒரு தொம்முக்கும் அடுத்த தொம்முக்கும் ஊடால, எனக்கு ஒன்றுமே கேட்காத இடத்தில், தப்பாமல் தட்டியது. இஸ் எங்கே இருக்கிறது என்று அந்த விரலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானே கேட்டிருந்தால்கூட அவ்வளவு ஆனந்தம் வந்திருக்காது. உங்கப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்திச் சொன்னார்: "கத்தவே இல்ல. ஆனா கண்மாய்க் கரையில நின்னு கேட்டேன், ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்குது." அதற்குப் பிறகு மாமா கடைப் பேச்சு நம் வீட்டில் எழவே இல்லை.

இனி உன் காசெட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையே கடை டெக்கில் போட்டு நானும் உங்கப்பாவும் உட்கார்ந்து கேட்டோம். நீ மெட்ராஸ் போன இந்தக் காலத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறாய்! கட்டை அடி தரையோடு வந்து காலைத் தொடுகிறது, அதன் மேல் அந்தக் குழல் மாதிரி சத்தம் யாரையும் இடிக்காமல் நடந்துபோகிறது. இடையில் ஓர் இடத்தில் நம் தறிச் சத்தத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய், அது எனக்குத் தெரியாமல் போகுமா? கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது, ஐயா, எனக்கு இஸ் கேட்டது. லேசாகத்தான். ஆனால் நிச்சயமாக அதுதான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்டது. காது திரும்பிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். திரும்பப் போடச் சொன்னேன், மறுபடியும் கேட்டது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு உங்கப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கண்ணை இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். தெருவில் போன பாக்கியத்தின் மருமகள் காதைப் பொத்திக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் காது திரும்பவில்லை. நீதான் எனக்காக அதைத் தூக்கி வைத்திருக்கிறாய்.

உன் மனசு எனக்குத் தெரிகிறது. அம்மாவுக்குக் கேட்காத பாட்டை எப்படி முதல் பாட்டு என்று கொடுப்பது என்று நினைத்திருப்பாய். அந்த நினைப்பே எனக்குப் போதும், அதற்கு மேல் நான் எந்தப் பாட்டும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அதை வாங்குகிறவர்கள் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் இல்லை. உன்னை முன்பின் தெரியாதவர்களுக்கு அது பாசம் என்று தெரியாது, பல் கூசும், அவ்வளவுதான். நீ காத்திருக்கிற தீர்ப்பு இதுதான்: எனக்குக் கேட்கிறது, அதனால் சரியில்லை. இந்தக் காசெட்டை நான் திருப்பி அனுப்ப மாட்டேன், இது என்னுடையது, நான் வைத்துக்கொள்வேன். அவர்களுக்குக் கொடுப்பதில் அந்த இஸ்ஸைக் குறைத்துவிடு. எனக்குக் கேட்காமல் போகிற வரைக்கும் குறை. அந்தக் காசெட்டும் இங்கே வந்து சேரும்போது போட்டுக்கொண்டு உட்கார்வேன், யாராவது ஒருவர் மடியில் குழந்தையோடு வராமலா போவார்கள், அதன் விரலைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் போய் அதைக் குறைத்துவிட்டு வா. பிறகு சாப்பிடு.

அம்மா